சபாவுக்கும் சவுகார்பேட்டைக்கும் நடுவுல

எல்லாருக்கும் வணக்கங்க. நான் தண்டையார்பேட்டைல டான்ஸ் கிளாஸ் எடுக்குறவன், கொஞ்ச நாள் சினிமா குரூப்லயும் ஆடிட்டு வந்தவன், அதனால டான்ஸ் பத்தி பேசுங்கன்னு ரேடியோல கூப்ட்டதும் எனக்கு காசு பத்திதான் பேசத் தோணுச்சு. தப்பா எடுத்துக்காதீங்க, தொழில்னா சோறு போடணும்ல?

மார்கழி வந்தா கச்சேரி, டான்ஸ் சீசன்னு எல்லாரும் மயிலாப்பூர் பக்கமே பாப்பாங்க, நானும் போவேன், ஜனவரில மியூசிக் அகாடமில நடக்குற டான்ஸ் விழாவ விடமாட்டேன். ஆனா சின்ன சபால மத்தியான ஸ்லாட்ல ஒரு பொண்ணு பரதத்துல வர்ணம்னு நீளமான ஒரு உருப்படி ஆடுது பாருங்க, பக்கத்துல தாளம் தட்டி ஜதி சொல்ற நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின்னு உக்காந்திருக்காங்கல்ல, அவங்களுக்கு பேமெண்ட், மேக்கப்காரருக்கு தனி, பெரும்பாலும் எல்லாமே அந்தப் பொண்ணு வீட்டு காசு. சபால குடுக்குறது பொன்னாடை.

சினிமா வேற கதை. யூனியன் கார்டு இருந்தா குரூப்ல நிக்கலாம், கால்ஷீட்டுக்கு சம்பளம், பேட்டா எல்லாம் உண்டு, முட்டிதான் சீக்கிரம் போயிடும்.

எங்க ஏரியா பசங்களுக்கு நெஜமா கை குடுக்குறது சவுகார்பேட்டை. மார்வாடி வீட்டு கல்யாணம்னா சங்கீத் இருக்கும், அதுல மாப்ள பொண்ணுல ஆரம்பிச்சு பாட்டி வரைக்கும் ஆடியே ஆகணும், அதுக்கு ராயபுரம், வண்ணாரப்பேட்டை பசங்க ஒரு வாரம் அவங்க வீட்டு ஹால்லயே போய் ஹிந்தி பாட்டுக்கு ஸ்டெப் சொல்லிக் குடுப்பாங்க. அறுபது வயசு மாமாவுக்கு முட்டி மடக்காம, ஆனா ஆடுற மாதிரி தெரியணும், அப்டி ஒரு ஸ்டெப் போடுறது சாதாரண வித்தையா? பணமும் நாள் தள்ளாம கைக்கு வந்துடும். நவராத்திரின்னா தாண்டியா வேற.

ஆடி மாசத்து அம்மன் கோயில் ஊர்வலம், சாவு வீட்டு பறைக்கு முன்னாடி வெறுங்கால்ல தார் ரோட்டுல ஆடுறவங்க, இவங்கள ஆர்ட்டிஸ்ட்னு எந்த நோட்டீஸ்லயும் போட மாட்டாங்க. அந்தக் கால்ல இருக்குற தாளம் எங்க கிளாஸ்ல பாதி பேருக்கு வராது, சத்தியமா.

பரதம்னாலே தெக்கு மெட்ராஸ்னு நெனைக்கிறவங்களுக்கு ஒன்னு சொல்லணும். பெரிய வீணைக் கலைஞர் வீணை தனம்மாள் இருந்தது நம்ம ஜார்ஜ் டவுன்ல. அவங்க பேத்திதான் 1918ல பொறந்த பரதக் கலைஞர் பாலசரஸ்வதி, ஏழு வயசுல காஞ்சிபுரத்துல அரங்கேற்றம், 1973ல மியூசிக் அகாடமியோட சங்கீத கலாநிதி பட்டம். அவங்க தேவதாசி பரம்பரை, அவங்களுக்கு ஆட்டமும் பாட்டும் பொழப்பு, கூலி வாங்குறதுல வெக்கமே இல்ல. அப்புறம் தேவதாசி ஒழிப்பு பேச்சு வந்துது, 1936ல கலாக்ஷேத்ரா டான்ஸ் ஸ்கூல் வந்துது, 1947ல ஒழிப்பு சட்டமும் வந்துது, ஆட்டம் மாச சம்பளம் வர்ற வீடுகளுக்குள்ள போச்சு. அங்க ஆடித்தான் அடுப்பு எரியணும்னு இல்ல. அதுலருந்துதான் ஆடுறவங்க காசு கேட்டா முகம் சுளிக்கிற பழக்கம் வந்துதுன்னு நான் நெனைக்கிறேன், வேற மாதிரி சொல்றவங்களும் இருக்காங்க, சண்டை போடலாம் வாங்க.

எங்ககிட்ட கத்துக்குற ஒரு பொண்ணு காலைல பரத அடவு பண்ணும், சாயங்காலம் சவுகார்பேட்டைல சங்கீத் வேலை. அந்தக் காசுலதான் மிருதங்கக்காரருக்கும் நட்டுவாங்கத்துக்கும் அட்வான்ஸ் குடுத்திருக்கு. இந்த சீசன்ல ஆடப்போகுது, போய் பாருங்க, டிக்கெட் எல்லாம் கிடையாது, ஃப்ரீதான். அதாங்க பிரச்சனையே.