மணிக்காப்பாளர் அவர்களே!

(கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இளையோருக்கான பேச்சுப் பயிற்சி வகுப்பில் ஆற்றிய தொடக்க உரையின் எழுத்து வடிவம்)

பிள்ளைகளே, வணக்கம்.

வணக்கம் முடிந்தது. மேடையில் இருக்கும் டத்தோவையும் தலைவரையும் விளிக்கவில்லையே என்று பார்க்கிறீர்கள். இருவரிடமும் முன்பே அனுமதி வாங்கிவிட்டேன்.

சென்ற ஆண்டு ஒரு பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் மேடையேறினான். "பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, நீதி வழுவா நீதிபதிகளே, மணிக்காப்பாளர் அவர்களே" என்று தொடங்கினான். நான்கு நிமிடப் பேச்சில் முக்கால் நிமிடம் இதிலேயே கரைந்தது. பிறகு தாய்மொழியைப் பற்றி அடைமழையாகப் பொழிந்தான். திடீரென்று "ஆகவே" என்றான். நின்றான். மறுபடியும் "ஆகவே" என்றான். பழக்கிவைத்த கை மட்டும் தன் நேரத்துக்கு உயர்ந்துவிட்டது. அதனோடு வரவேண்டிய சொல் வரவில்லை. மூன்றாவது வரிசையில் அவன் அம்மா உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு முழுப் பேச்சும் பாடம். நேரம் பார்க்கும் மணிக்காப்பாளர் மணி அடித்தார்.

அவன் கண் கலங்கி இறங்கியபோது எனக்கு லண்டன் நினைவுக்கு வந்தது. 1904 ஏப்ரல் 22. நாடாளுமன்றத்தில் இருபத்தொன்பது வயது உறுப்பினர் ஒருவர் தொழிற்சங்கங்களைப் பற்றி முக்கால் மணி நேரம் குறிப்பில்லாமல் பேசிக்கொண்டு வந்தார். பாதி வாக்கியத்தில் நூல் அறுந்தது. தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. கேட்டவர்களுக்கு நன்றி சொல்லி உட்கார்ந்து, முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். அவர்தான் வின்ஸ்டன் சர்ச்சில். அவரை எனக்குப் பிடிக்காது. 1943இல் வங்காளம் பட்டினி கிடந்தபோது அவர் காட்டிய அலட்சியத்தை மறக்க முடியவில்லை. ஆனாலும் தொழில் கற்றுக்கொள்ள, ஆளைப் பிடித்திருக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன?

அன்றைக்குப் பிறகு அவர் மனப்பாடத்தை நம்பவில்லை. உரையைத் தட்டச்சு செய்து கையோடு கொண்டுபோனார். அந்தத் தாள்களைப் பார்த்தால் கவிதை போல இருக்கும். மூச்சு விடவேண்டிய இடத்தில் வரி உடைந்திருக்கும். 1940 ஜூன் 4 அன்று ஆற்றிய உரையில் என்ன சொன்னார்? கடற்கரைகளில் போரிடுவோம், வயல்களில் போரிடுவோம், தெருக்களில் போரிடுவோம், குன்றுகளில் போரிடுவோம். வானத்தைக் கிழிப்பதும் இல்லை, பூமியைப் புரட்டுவதும் இல்லை. பால்காரரும் தபால்காரரும் தினம் நடக்கிற இடங்கள். நமக்கு அடுக்குமொழி என்றால் உயிர். அண்ணா பேசிய மொழியில் வளர்ந்தவர்கள் வேறு எப்படி இருப்போம்? அவருக்கு அடுக்கின் அடியில் ஒரு வாதம் இருந்தது. வாதம் இல்லாமல் அடுக்கினால் தகர டப்பா உருளுகிற சத்தம்தான் கேட்கும்.

அமெரிக்க அதிபர் ஆப்ரகாம் லிங்கன் கெட்டிஸ்பர்க்கில், போர்வீரர் கல்லறைத் திறப்பு விழாவில் பேசியது 1863 நவம்பர் 19 அன்று. அன்றைய முக்கியப் பேச்சாளர் அவர் அல்லர், எட்வர்ட் எவரெட். அவர் இரண்டு மணி நேரம், அதுவும் மனப்பாடமாகவே பேசினார். லிங்கன் கையில் தாளோடு எழுந்து சுமார் 270 சொற்களில் முடித்துக்கொண்டார். இரண்டு மணி நேரத்தில் தான் தொட முயன்றதை லிங்கன் இரண்டே நிமிடத்தில் தொட்டுவிட்டார் என்று மறுநாள் எவரெட்டே அவருக்குக் கடிதம் எழுதினார். எனக்கு எவரெட்டையும் பிடிக்கும். இப்படி எழுத எத்தனை பேருக்கு மனம் வரும்?

"அப்படியானால் தாளைப் பார்த்தே படிக்கலாமா, ஐயா?" என்று பின்வரிசைத் தங்கை கேட்கிறார். மார்ட்டின் லூதர் கிங்கைப் பாருங்கள். 1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டன். எழுதிவந்த உரையைத்தான் படித்துக்கொண்டிருந்தார். பாடகி மகாலியா ஜாக்சன் பின்னாலிருந்து, "கனவைப் பற்றிச் சொல்லுங்கள், மார்ட்டின்" என்று குரல் கொடுத்தார். கிங் தாளை விட்டார். உலகம் நினைவில் வைத்திருப்பது அதற்குப் பிறகு வந்த பகுதியைத்தான். ஆனால் அது அந்த நொடியில் முளைத்ததன்று. அந்தக் கனவை ஜூன் மாதமே டெட்ராய்ட்டில் பேசியிருந்தார். பல மேடைகளில் சொல்லிச் சொல்லி நாவில் ஊறிய பொருள் அது. சொற்களை மட்டும் நெட்டுருப் போட்டவன் தாளை விட்டால் விழுவான்.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். 1943 அக்டோபர் 21, சிங்கப்பூர் கேத்தே திரையரங்கம். சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசு அறிவிக்கப்படுகிறது. நேதாஜி உறுதிமொழி வாசிக்கிறார். நாட்டு மக்களின் விடுதலை என்ற இடம் வந்ததும் குரல் உடைகிறது. வாசிக்க முடியவில்லை. நிமிடங்கள் போகின்றன. அரங்கமே மூச்சடக்கிக் காத்திருக்கிறது. பிறகு, எந்தச் சொல்லில் விட்டாரோ அங்கிருந்தே தொடர்கிறார். அவருடைய கூட்டங்களில் நம் மக்கள் பலர் தமிழ் மொழிபெயர்ப்பில்தான் அவரைக் கேட்டார்கள். ரப்பர்த் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய பெண்கள் அவருடைய ஜான்சி ராணிப் பெண்கள் படையில் சேர்ந்தார்கள். சர்ச்சிலும் நின்றார், இவரும் நின்றார், நம் பையனும் நின்றான். மூன்றும் ஒன்றா? அவன் நின்றபோது சபை பரிதாபப்பட்டது; இவர் நின்றபோது சபையும் சேர்ந்து நின்றது.

மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தனைச் சொல்லாமல் இறங்கினால் என் தகப்பனார் கனவில் வந்து திட்டுவார். துண்டாடப்பட்டு விற்பனையாகும் ரப்பர்த் தோட்டங்களை நாமே வாங்க வேண்டும் என்று 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போனார். கேட்டது பங்கு ஒன்றுக்கு 100 வெள்ளி (அன்றைய மலாயா டாலர்), பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். "தியாகம் செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லியிருந்தால் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். பத்து வெள்ளி என்றதும் அவரவர் சம்பளத்தை மனத்தில் எண்ணத் தொடங்கினார்கள்.

அடுத்த சனிக்கிழமை ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் பேச வேண்டும். அவை வணக்கம் கூடாது. உங்கள் தெருவில் நடக்கவேண்டிய ஒரே ஒரு காரியம். அதற்கு யார், என்ன செய்யவேண்டும் என்று கேளுங்கள். நடுவில் மறந்துவிட்டால் பேசாமல் நில்லுங்கள், அம்மாவைப் பார்க்காதீர்கள். மணி என் கையில்தான் இருக்கும்; நீங்கள் நிற்கும்வரை அடிக்கமாட்டேன்.