ஓசிச் சோற்றுக்கும் விலை உண்டு

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், சித்ரா பௌர்ணமி அன்னதானத் தொண்டர்கள் கூடியபோது பேசியது. பேச்சை அதிகம் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். பசியாறிவிட்டுத்தான் வந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன், ஏனென்றால் இன்றைக்குப் பேச்சு முழுக்க சாப்பாடுதான், அதுவும் காசு கொடுக்காமல் சாப்பிடுகிற சாப்பாடு.

போன மாதம் நம் டவுனில் ஒரு உணவகம் திறந்தார்கள். பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். திறப்பு விழா அன்று வாழை இலைச் சாப்பாடு எல்லாருக்கும் இலவசம் என்று பேனர் கட்டினார்கள். 11 மணிக்குத்தான் இலை போடுவதாகச் சொல்லியிருந்தார்கள், ஆனால் 9 மணிக்கே வரிசை கடைத்தெரு முனையைத் தாண்டி பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போய்விட்டது. அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டதும் நம் ஆட்கள்தான், அதற்குக் கீழே ‘ஓசியில் கிடைத்தால் பினாயிலைக் கூட குடிப்பார்கள்’ என்று எழுதியதும் நம் ஆட்கள்தான். எழுதியவர் இந்த மண்டபத்தில் இருக்கிறாரா என்று நான் தேடப் போவதில்லை, பயப்பட வேண்டாம்.

ஆனால் ஒரு கணக்குப் போடுவோம். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). ஒரு மணி நேரத்துக்கு 8 வெள்ளிச் சொச்சம் வருகிறது. வெயிலில் மூன்று மணி நேரம் நின்றவர் 24 வெள்ளிக்கு மேல் கொடுத்துவிட்டார், சாப்பாடு இன்னும் இலைக்கே வரவில்லை. அந்தக் காசுக்கு அதே கடையில் கோழியோடு சாப்பிட்டு, ஒரு தே தாரேயும் குடித்துவிட்டு, மிச்சத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். அப்புறம் ஏன் நின்றார்கள்?

இது நம் ஜனங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. மனுஷர்கள் காசு விஷயத்தில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்கிற டேன் அரியலியும் அவர் கூட்டாளிகளும் 2007இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு மேசையில் இரண்டு வகை சாக்லேட். உயர்ந்தது 15 செண்ட், சாதாரணமானது 1 செண்ட். வாங்கியவர்களில் 73 சதவீதம் பேர் உயர்ந்ததையே எடுத்தார்கள். பிறகு இரண்டிலும் ஒரே ஒரு செண்டைக் குறைத்தார்கள், 14 செண்ட், மற்றது சும்மா. உடனே 69 சதவீதம் பேர் சும்மா கிடைத்ததற்குப் போய்விட்டார்கள். விலை வித்தியாசம் அதேதான், ‘சும்மா’ என்று ஆனதும் மனசு வேறு கணக்குப் போடுகிறது. 2009இல் டென்னிஸ் என்ற அமெரிக்க உணவகம் ஒரு நாள் காலைச் சாப்பாட்டை இலவசமாகக் கொடுத்தபோது சுமார் 20 லட்சம் தட்டு போனது. அங்கேயும் வரிசை கதவுக்கு வெளியே நீண்டு, குளிரில் நின்றார்கள். அவ்வளவு பணக்கார நாட்டில் நின்றால் அது செய்தி, நம் ஊர் பாட்டி நின்றால் மட்டும் அது கேவலமா?

நிற்பது நமக்குப் புதுசும் இல்லை. ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த நம் முன்னோர்கள் விடியும் முன்னே பிரட்டுக்களத்தில், அதாவது ஆள் கணக்கெடுக்கிற இடத்தில், பேர் கூப்பிடும் வரை நின்றார்கள், ரப்பர் பால் நிறுக்க நின்றார்கள், சம்பளத்துக்கு நின்றார்கள். 1948 ஜூன் 16ஆம் தேதி இதே சுங்கை சிப்புட்டில், எல்பில் தோட்டத்திலும் அதற்குப் பக்கத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்ட பிறகு, கம்யூனிஸ்டுகளை ஒடுக்க பிரிட்டிஷ் அரசு போட்ட அவசரகாலம் வந்தது. அதற்கப்புறம் சோறே சோதனைப் பொருளாகிவிட்டது. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்குப் போய்ச் சேரக் கூடாது என்று அரிசியை அளந்து கொடுத்தார்கள், கடைக்காரர் டின்னை ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும், குடியிருப்பைச் சுற்றிப் போட்ட வேலியின் வாசலில் ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விட்டார்கள். அப்படி நின்றவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று காருக்குள் ஏசி போட்டு உட்கார்ந்துகொண்டு வரிசையைப் படம் எடுக்கிறார்கள்.

சரி, உணவகத்துக்கு வருவோம். விளம்பரத்துக்காகச் சோறு போட்டார்கள் என்று எனக்குக் கோபம் இல்லை. வியாபாரம் என்றால் விளம்பரம் வேண்டும், யார் பசியாவது ஆறினால் நல்லதுதானே. என் கோபம் அந்த வரிசையை அவர்கள் வைத்திருந்த விதத்தில். எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று யாரும் சொல்லவில்லை. கூடாரம் கிடையாது, தண்ணீர் கிடையாது. கடை முதலாளிக்குத் தெரிந்தவர்கள் பக்கத்துக் கதவு வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள், வரிசை அதைப் பார்த்துக்கொண்டே நின்றது.

எனக்கு முன்னால் ஒரு அம்மா நின்றார். எழுபது வயது இருக்கும், கையில் மூன்றடுக்குத் தூக்கு, அதன் மூடி விழாமல் இருக்க ரப்பர் வளையம் மாட்டியிருந்தார். மேல் தட்டைத் திறந்து எனக்குக் காட்டினார், அதில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பை, ரசத்துக்காம். வீட்டுக்காரர் படுத்த படுக்கை, அவருக்கு ரசம் ஊற்றிக் குழைத்தால்தான் சோறு இறங்கும் என்றார். ஒன்றே முக்கால் மணிக்கு அவர் கதவுப் பக்கம் வந்தபோது உள்ளே நின்ற பையன் தூக்கைப் பார்த்தான். “தாப்பாவ் கிடையாது பாட்டி, இங்கே உட்கார்ந்து சாப்பிட்டால்தான்” என்றான். அந்தப் பையனைத் திட்ட முடியாது, அவனுக்குச் சொன்னதை அவன் சொன்னான். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து, ஒரு பிடி சாப்பிட்டு, மிச்சத்தை இலையோடு மடக்கித் தூக்கில் வைத்துக்கொண்டு வந்தார். ரசம் அந்தப் பைக்குள் போகவே இல்லை.

டேவிட் மெய்ஸ்டர் என்ற நிர்வாகத் துறை அறிஞர் 1985இல் காத்திருப்பதைப் பற்றி எழுதியது இந்த இடத்தில் பொருந்துகிறது. சும்மா நிற்கும் நேரம் நீளமாகத் தெரியும், எவ்வளவு நேரம் என்று தெரியாமல் நின்றாலும் நீளம், பாரபட்சம் இருந்தாலும் நீளம். அந்தக் கடை வாசலில் மூன்றும் சேர்ந்தே நடந்தது.

நம் அன்னதானத்தில் இது நடக்கக் கூடாது, அதற்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். போன வருடம் ஒரே ஒரு மேசையில் வைத்துப் பரிமாறினோம். ஒரு ஆளுக்கு அரை நிமிடம் என்றாலும் 400 பேருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் யாரும் ‘கொஞ்சம் அப்பளம்’ என்று கேட்காமல் இருந்தால். இந்த முறை நான்கு மேசை, ஆனால் வரிசை ஒன்றே ஒன்று. எந்த மேசை காலியோ அங்கே அடுத்த ஆள் போகட்டும். மேசைக்கு ஒரு வரிசை விட்டால் பக்கத்து வரிசை வேகமாகப் போகிறதே என்று எல்லாரும் எட்டி எட்டிப் பார்ப்பார்கள், சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும். வயதானவர்களை நிற்க வைக்கவே வேண்டாம், நாற்காலியில் உட்கார வைத்து நம்பர் கொடுங்கள். சீக்கியர்களின் குருத்துவாராவில் பாருங்கள், எல்லாரையும் தரையில் பந்தியாக உட்கார வைத்து அவர்கள்தான் தேடி வந்து பரிமாறுவார்கள். நம் மண்டபத்தில் அவ்வளவு இடம் இல்லை, இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். பாத்திரம் கொண்டு வந்தால் பாத்திரத்தில் போடுங்கள். சாப்பிடுகிறவர் முகம் படத்தில் வரக் கூடாது, நன்கொடை கொடுத்தவர் நின்று போஸ் கொடுக்க வேண்டுமானால் அண்டா பக்கத்தில் நிற்கட்டும்.

பின்னால் ஒரு தம்பி கேட்கிறார், சிலர் மூன்று தடவை வரிசையில் வருவார்களே, என்ன செய்வது என்று. போடுங்கள் தம்பி. அவர் மூன்று தடவையும் முழுசாக நின்றுதானே வாங்குகிறார்.

சோறு குறைகிறது என்று தெரிந்தால் அண்டாவைச் சுரண்டும் வரை காத்திருக்காதீர்கள். இன்னும் எத்தனை இலைக்கு வரும் என்று எண்ணிப் பார்த்து, உடனே ஒருவர் வரிசையின் கடைசிக்கு நடந்து போய்ச் சொல்ல வேண்டும், பின்னால் நிற்பவர் வேறு வழி பார்த்துக்கொள்ள அவருக்கு நேரம் இருக்கும்போதே. திட்டு வாங்குகிற வேலை அது, யாரும் கை தூக்க மாட்டீர்கள். பரவாயில்லை, அதை என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள். காய்கறி வெட்ட மட்டும் இன்னும் ஆள் போதவில்லை.