ஏழாம் எபிசோட் மீது ஏன் இவ்வளவு கோபம்?

அனைவருக்கும் வணக்கம். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரை இன்னும் பார்க்காதவர்கள் அவையில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: யார் சாகிறார்கள், யார் திரும்பி வருகிறார்கள் எல்லாம் இன்றைக்கு வெளியே வந்துவிடும். ஆட்சேபணை உள்ளவர்கள் வெளியே காபி குடித்துவிட்டு வரலாம்.

இரண்டாம் சீசன் 2017 அக்டோபர் 27 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்தது. ஒன்பது எபிசோடும் ஒரே நாளில். வந்த வேகத்திலேயே ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். காரணம் ஏழாம் எபிசோட். ஒரு கட்சிக்கு அது சீசனின் ஓட்டத்தைக் கெடுத்த வீண் வேலை. இன்னொரு கட்சிக்கு அது இல்லாமல் இலெவன் என்ற மனசக்தி கொண்ட சிறுமியே புரியமாட்டாள். இந்த வழக்கில் இரண்டு பக்கமும் தப்பான இடத்தைத் தோண்டுகிறார்கள் என்பது என் வாதம்.

முதலில் சம்பவம். ஆறாம் எபிசோடின் கடைசி நிமிடங்கள். கதை நடக்கும் ஹாக்கின்ஸ் ஊரின் ஆய்வுக்கூடத்தில் படுத்திருக்கும் வில் என்ற சிறுவன், சுரங்கத்தில் ஓரிடத்தைக் காட்டிக்கொடுக்கிறான். அதை நம்பி ராணுவ வீரர்கள் இறங்குகிறார்கள். அது பொறி. தன் உடலுக்குள் புகுந்த அரக்கன்தான் பேச வைத்தான், மன்னித்துவிடுங்கள் என்று வில் சொல்லும்போதே கீழே கூச்சல் ஆரம்பித்துவிடுகிறது. டெமோடாக்குகள் என்ற நாய் போன்ற அரக்கர்கள் மேலே ஏறி வருகின்றன. போலீஸ் தலைவர் ஹாப்பர், வில்லின் அம்மா ஜாய்ஸ், அவள் காதலர் பாப், வில்லின் நண்பன் மைக் எல்லோரும் அதே கட்டடத்தில். திரை இருண்டு அடுத்த எபிசோடுக்குப் போனால், ஹாக்கின்ஸே இல்லை. இலெவன் சிகாகோவுக்குப் போகிறாள். சுமார் முக்கால் மணி நேரம் அவளைப் போலவே ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த காளி என்ற பெண்ணின், நாம் இதுவரை பழகாத கும்பலோடு இருக்கிறோம். கதவைத் தட்டும் அரக்கர்கள் எட்டாம் எபிசோட் வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

இதைப் பார்த்தவர்கள் சொன்ன சொல் ஒன்றுதான்: ‘லேக்’. ஆனால் அந்தச் சொல்லுக்குள் மூன்று தனித்தனி புகார்கள் ஒளிந்திருக்கின்றன. காட்சியில் ஒன்றுமே மாறவில்லை என்பது ஒன்று. மாறுகிறது, ஆனால் எனக்கு வேண்டிய விஷயம் மாறவில்லை என்பது இன்னொன்று. மாறுகிறது, வேண்டிய விஷயம்தான், ஆனால் நேரம் சரியில்லை என்பது மூன்றாவது. முதலாவது எழுத்தின் கோளாறு. இரண்டாவது நம் விருப்பம். மூன்றாவது வரிசைப்படுத்தலின் கோளாறு. மூன்றையும் ஒரே சொல்லால் அடித்தால் விவாதம் விடிய விடிய நடக்கும், முடிவு வராது.

பிரித்துப் பார்க்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். முதல் தடவை பார்க்கும்போது இதைச் செய்யாதீர்கள், தொடரே கசந்துவிடும். இரண்டாம் தடவை பார்க்கையில் பக்கத்தில் நான்கு கோடு போடுங்கள்: நேரம், யாருடைய கதை, எந்த இடம், என்ன மாறியது. காட்சி மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி. கடைசிக் கட்டத்தில் பலரும் தடுமாறுவார்கள். ‘என்ன நடந்தது’ என்று எழுதிவிடுவார்கள். சண்டை நடந்தது, ஓடினார்கள், கத்தினார்கள். அதுவல்ல கேள்வி. காட்சி தொடங்கும்போது இருந்த நிலைமைக்கும் முடியும்போது இருக்கும் நிலைமைக்கும் என்ன வித்தியாசம்? யாருக்காவது புதிதாக ஒன்று தெரிந்ததா, ஒருவர் முடிவை மாற்றினாரா, ஒரு வழி அடைபட்டதா? எதுவும் இல்லையென்றால் கட்டத்தைக் காலியாக விடுங்கள். துப்பாக்கிச் சூடு நடக்கும் காட்சியிலும் அந்தக் கட்டம் காலியாக இருக்கலாம். இரண்டு பேர் சும்மா உட்கார்ந்து பேசும் காட்சியில் நிரம்பி வழியலாம்.

இன்னொரு எச்சரிக்கை. இருபது நொடிக்கு ஒருமுறை இரண்டு இடங்களுக்கு மாறி மாறி வெட்டும் பகுதி வந்தால் ஒவ்வொரு வெட்டையும் தனிக் காட்சியாக எண்ணக் கூடாது. முழுவதையும் ஒன்றாக எடுங்கள். இல்லையென்றால் சீசனின் கிளைமாக்ஸ்தான் மிக வேகமான பகுதி என்று கணக்கு தானாகவே சொல்லும், அது ஏமாற்றுக் கணக்கு.

இந்த நோட்டோடு இரண்டாம் சீசனுக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது பெரிய பையன் ஸ்டீவும் வில்லின் நண்பன் டஸ்டினும். ஐந்தாம் எபிசோடுக்கு வரும்போது இரண்டு பேர் கதையும் முட்டுச்சந்தில் நிற்கிறது. ஸ்டீவை அவன் காதலி நான்சி கைவிட்டுவிட்டாள். டஸ்டின் செல்லமாக வளர்த்த டார்ட் என்ற பிராணி அவன் வீட்டுப் பூனையைத் தின்றுவிட்டது, உதவிக்கு ஆள் இல்லை. ஸ்டீவ் கையில் ரோஜாப்பூங்கொத்தோடு நான்சி வீட்டு வாசலில் நிற்கிறான். டஸ்டின் வந்து பூவைப் பிடுங்கி, அந்த ஆணி அடித்த பேஸ்பால் மட்டை இன்னும் இருக்கிறதா என்று கேட்கிறான். அவ்வளவுதான். இரண்டு அடைபட்ட கிளைக்கதைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நகர ஆரம்பிக்கின்றன. ஆறாம் எபிசோடில் இருவரும் ரயில் தண்டவாளத்தில் நடந்தபடி வாளியிலிருந்து இறைச்சித் துண்டுகளை வீசிக்கொண்டே போகிறார்கள். டெமோடாக்குக்குத் தூண்டில். போகிற போக்கில் ஸ்டீவ் தன் தலைமுடி ரகசியத்தைச் சொல்லிக்கொடுக்கிறான். கைகள் முக்கியக் கதைக்கு வேலை செய்கின்றன, வாய் கிளைக்கதைக்கு வேலை செய்கிறது. என் நோட்டில் அந்தக் காட்சிக்குக் கடைசிக் கட்டத்தில் இரண்டு வரி. யாரும் அதை ‘லேக்’ என்று சொன்னதில்லை, கவனியுங்கள். வெறும் நடையும் பேச்சும்தான்.

டார்ட்டுக்குப் போட்ட முதலீடும் வீண்போகவில்லை. மூன்றாம் எபிசோடில் அதற்கு ஊட்டிய அதே நௌகட் சாக்லேட், ஒன்பதாம் எபிசோடில் சுரங்கத்துக்குள் வழி விடச் செய்கிறது.

நான்சி, வில்லின் அண்ணன் ஜோனதன் விஷயம் வேறு மாதிரி. முதல் சீசனில் செத்துப்போன பார்ப் என்ற தோழிக்கு நியாயம் வேண்டும் என்று ரசிகர்களே பெருங்குரல் எழுப்பினார்கள். அதன் பதில் இது. அவர்கள் உதவி கேட்டுப் போகும் துப்பறிவாளர் முர்ரே தன் வோட்காவில் தண்ணீர் கலந்து, உண்மையையும் இப்படி நீர்க்கச் செய்தால்தான் ஊர் விழுங்கும் என்று காட்டுகிற காட்சி அருமை. அதற்கப்புறம் அவர்கள் அன்றிரவு அங்கே தங்குவதும் காலையில் முர்ரே கிண்டலடிப்பதும் காதலுக்காக மட்டுமே. ஹாக்கின்ஸில் என்ன நடக்கிறது என்று அந்த இருவருக்கும் தெரியாது, நமக்குத் தெரியும். அந்த இடைவெளியைத் தொடர் பயன்படுத்தவே இல்லை. ‘லேக்’ என்று சொல்வதானால் நான் அங்கேதான் சொல்வேன். ஊருக்குப் புதிதாக வந்த முரட்டுப் பையன் பில்லியைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். அவன் இரண்டாம் சீசனில் அடித்துக்கொண்டே திரிகிறான். அவனுக்கு வேலை கிடைத்தது 2019-ல், மூன்றாம் சீசனில்.

இப்போது ஏழாம் எபிசோடுக்கு வருவோம். ரசிகர்கள் மூன்று வைத்தியம் சொல்கிறார்கள். தூக்கி எறி. இடம் மாற்று. துண்டு துண்டாக வெட்டி ஆறிலும் எட்டிலும் கல.

தூக்கி எறிவதைத் தொடரை உருவாக்கிய மேட் டஃபரும் ராஸ் டஃபரும் செய்து பார்த்தார்கள். அதை எடுத்துவிட்டுப் பார்த்தபோது இலெவனின் பயணம் சரிந்து முடிவு நிற்கவில்லை என்று மேட் டஃபரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஏன் நிற்காது என்பது ஒன்பதாம் எபிசோடில் தெரியும். அரக்கர்கள் வரும் வாயிலை மூடும்போது அவளுக்குக் காதில் கேட்பது காளியின் குரல்: உன் காயம் சீழ்பிடித்துக் கிடக்கிறது என்ற அந்தப் பேச்சு. கோபத்தைக் கொண்டு ரயில் பெட்டியை நகர்த்தக் கற்றது ஏழில்தான். வாரிய தலையும் கறுப்பு உடையுமாக எட்டில் அவள் கதவைத் திறந்து வருவதற்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது.

இடம் மாற்றலாமே, ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் வைக்கலாமே? கேட்க நன்றாக இருக்கிறது. ஆறாம் எபிசோடில் இலெவன் தலைகாட்டவே இல்லை, ஆகவே முட்டாது என்று நினைப்பார்கள். முட்டுகிறது. ஏழின் பிற்பகுதியில் அவள் கண்ணை மூடி மனதால் தேடும்போது ஹாப்பரும் மைக்கும் ஆபத்தில் இருப்பதைப் பார்க்கிறாள். அது ஆய்வுக்கூடத்தில் நடக்கும் அதே நேரம். அதைப் பார்த்துத்தான் காளியை விட்டுவிட்டுக் கிளம்புகிறாள். ஆறுக்கு முன்னால் வைத்தால் இன்னும் நடக்காத ஆபத்தை அவள் பார்த்ததாக ஆகிவிடும். அதோடு ஐந்தின் முடிவும் சும்மா இல்லை. அங்கே வில் துடித்துக்கொண்டு விழுகிறான். ஒரு தொங்கலிலிருந்து இன்னொரு தொங்கலுக்கு மாற்றினீர்கள், அவ்வளவுதான் லாபம்.

துண்டு போட்டுக் கலப்பதுதான் கொஞ்சம் வலுவான யோசனை. ஆனால் ஆறாம் எபிசோடின் பலம் வில் பொய் சொல்கிறானா என்று நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்ப்பதில் இருக்கிறது. நடுவில் சிகாகோவுக்குப் போய்வந்தால் அந்தப் பிடி தளரும். எட்டிலோ, ஜாய்ஸும் மற்றவர்களும் வில்லிடம் பழைய நினைவுகளைச் சொல்ல, அவன் விரலால் மோர்ஸ் தட்டி வாயிலை மூடு என்று தெரிவிக்கிறான். அதை யார் செய்யமுடியும் என்ற கேள்வி எழும்போதே கதவு திறக்கிறது. அந்த வரிசையில் கை வைக்கக் கூடாது.

ஒன்றைச் சிலர் குறையாகச் சொல்வார்கள்: ஏழின் கடைசியில் பேருந்தில் அவள் ஊர் திரும்புவதைக் காட்டிவிட்டதால் எட்டின் ஆச்சரியம் போய்விட்டதாம். போனது உண்மை. வருவாளா என்பதற்குப் பதில் எப்போது வருவாள் என்பது கிடைத்தது. பாப் சாகும்போது அது இன்னும் கனக்கிறது. நல்ல பண்டமாற்றுதான்.

அப்படியானால் கோளாறு எங்கே? முதல் எபிசோடின் முதல் காட்சியில். பிட்ஸ்பர்க்கில் போலீஸ் துரத்த, காளி கையை மூடிச் சுரங்கப்பாதை இடிந்து விழுவதாகத் தோன்றச் செய்கிறாள். மூக்கில் ரத்தம், மணிக்கட்டில் 008 என்ற ஆய்வுக்கூட எண். சீசனின் வாசலிலேயே ஒரு கடன் வாங்குகிறார்கள். அதற்கப்புறம் ஐந்தாம் எபிசோடில் அம்மாவின் நினைவுக்குள் ஒரு கணம் ஒரு குழந்தையாக வருவதைத் தவிர அவள் இல்லை. வட்டி ஏறிக்கொண்டே போய், ஏழில் மொத்தமாகக் கட்டுகிறார்கள். இடையில் இரண்டு இடத்தில், ஒவ்வொன்றும் ஒன்றரை நிமிடம், காளியின் கும்பல் பழைய ஆய்வுக்கூட ஆட்களைத் தேடிக் கொல்வதைக் காட்டியிருந்தால் போதும். ஏழில் காளியின் நான்கு கூட்டாளிகளையும் அறிமுகப்படுத்தும் வேலை பாதியாகக் குறைந்திருக்கும். இப்போது ஆளுக்கு ஒரு உடையும் ஒரு வசவுமாக வருகிறார்கள், யார் பெயரும் நிற்கவில்லை.

நோட்டுக் கணக்குப்படி ஏழில் நிரம்பிய கட்டங்கள் மூன்று: ரயில் பெட்டி, ரே வீடு, மனக்கண்ணில் தெரிந்த ஆபத்து. ரே என்பவன் அவள் அம்மாவுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தவன். கழுத்தை நெரிக்க ஆரம்பித்துவிட்டு அவன் மகள்களின் படத்தைப் பார்த்து விடுகிறாள். என்னைக் கேட்டால் சீசனிலேயே அவளுடைய மிகப் பெரிய முடிவு அது. கடையில் புகுந்து அள்ளும் காட்சி, உடை மாற்றும் காட்சி இரண்டும் காலிக் கட்டம். பத்து நிமிடம் கத்தரிக்கலாம்.

இன்னொரு கோபத்துக்கு ரசிகர்களே பெயர் வைக்கவில்லை. மைக் 353 நாள் வாக்கிடாக்கியில் அவளைக் கூப்பிட்டிருக்கிறான். அவர்கள் சந்திப்பதற்காகத்தான் முதல் எபிசோடிலிருந்து காத்திருக்கிறோம். ஏழாம் எபிசோட் அந்தச் சந்திப்பை இன்னொரு எபிசோட் தள்ளிப்போட்டது. டெமோடாக் காட்சி பாதியில் நின்றதால் வந்த கோபம் என்று நினைத்ததில் பாதி இதுதான்.

டஃபர் சகோதரர்கள் 2022-ல் நான்காம் சீசனின் ஏழாம் எபிசோடில் இதே சிக்கலை வேறு விதமாகக் கையாண்டார்கள். அங்கேயும் ஏழு, அங்கேயும் இலெவனின் கடந்தகாலம். ஆனால் நினைவுத் தொட்டிக்குள் அவள் காண்பதையும் வெக்னா என்ற அரக்கனின் பிடியில் நான்சி காண்பதையும் மாற்றி மாற்றி வெட்டினார்கள். ஒரே மனிதனின் கதையை இரண்டு பேர் இரண்டு முனையிலிருந்து கேட்கிறார்கள். தனியாக வைத்தால் வெறும் பழைய கதையாக இருந்திருக்கும் விஷயம், நான்சியின் உயிர் தொங்கியதால் இப்போது நடக்கும் கதையாகவே ஓடியது.

அதே சீசனில் ஹாப்பர் அடைபட்டிருக்கும் ரஷ்யாவின் கம்சாட்கா சிறையை அப்படிக் கட்ட முடியவில்லை. ஹாப்பர் பிழைப்பாரா என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, கடத்தல்காரன் யூரி காட்டிக்கொடுப்பதும் விமானம் விழுவதும் தாமதம் மட்டுமே. ஹாக்கின்ஸ் சண்டையோடு அதற்குள்ள தொடர்பு, எல்லா அரக்கர்களுக்கும் ஒரே மூளை என்பது, கடைசி இரண்டு எபிசோடுக்கு வந்துதான் வேலைக்கு வருகிறது. அதில் கடைசி எபிசோட் மட்டும் இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல். அந்தத் தொடர்பை நான்காம் எபிசோடிலேயே ஒருமுறை தொட்டிருந்தால், சிறையில் ஒரு அடி விழும்போது ஹாக்கின்ஸில் ஒன்று துடித்திருந்தால், இன்று நாம் அந்த ரஷ்யப் பனியைப் பற்றி இவ்வளவு புலம்பியிருக்க மாட்டோம். காளியோ 2025-ல் ஐந்தாம் சீசன் வந்தபோதுதான் திரும்பினாள். நடுவில் இரண்டு சீசன் அவள் எங்கே போனாள் என்பதை வைத்து அடுத்த சண்டையை நீங்கள் ஆரம்பிக்கலாம். நோட்டை மட்டும் கையோடு கொண்டுவாருங்கள்.