விபத்துக்குப் பிறகு: கேஸ் போடலாமா, பேசி முடிக்கலாமா?

(திரையில்: காவல் நிலைய வாசல், ஒரு வெள்ளைத்தாள், அதன் மேல் பேனா)

"இருபதாயிரம் வாங்கிக்கோங்க அண்ணே, கேஸ் கோர்ட்டுனு எதுக்கு அலையணும்?"

விபத்து நடந்த மறுநாள் பல இடங்களில் பேச்சு இப்படித்தான் தொடங்கும். கையெழுத்துப் போடும் முன் ஒரு கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

அதற்கு முன் ஒரு குழப்பம். போலீஸ் போடும் வழக்கு டிரைவரைத் தண்டிப்பதற்கு. நஷ்டஈட்டு வழக்கு வேறு. அது மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் நடக்கும், வக்கீல்கள் எம்.சி.ஓ.பி. என்பார்கள். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் பெரும்பாலும் அந்தக் கம்பெனிதான் பணம் கட்டும். "பாவம், டிரைவர் ஏழை" என்று தயங்குகிறவர்கள் கவனிக்க.

(திரையில்: தையல் மெஷின், கட்டுப்போட்ட வலது கை)

சரி, கணக்கு. ஒரு தையல்காரர் என்று வைத்துக்கொள்வோம். வயது 32, மாத வருமானம் 15,000 ரூபாய். கார் இடித்து மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் கை பழையபடி திரும்பவில்லை. சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதம் போய்விட்டது என்று தீர்ப்பாயம் ஏற்கிறது. ஆண்டு வருமானம் 1,80,000. சரளா வர்மா வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம் தந்த அட்டவணைப்படி இந்த வயதுக்கு மல்டிபிளையர், அதாவது ஆண்டு வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண், 16. பெருக்கி, அதில் 20 சதவீதம் எடுத்தால் 5,76,000 ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்கள், பட்ட வலி எல்லாம் இதற்கு மேல்.

இதே மணிக்கட்டு ஒரு பள்ளி ஆசிரியருக்கு உடைந்திருந்தால் தொகை குறையலாம். டாக்டர் எழுதித் தரும் ஊன சதவீதம் வேறு, பிழைப்பில் விழுந்த அடி வேறு. நீதிமன்றம் பார்ப்பது இரண்டாவதை.

யார் மேல் தப்பு என்று நிரூபிப்பது கடினமா? மோட்டார் வாகனச் சட்டத்தில் 164-ஆம் பிரிவு இருக்கிறது. தப்பை நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம், மரணத்துக்கு 5 லட்சம். ஆனால் அதை ஏற்று வாங்கிவிட்டால் 166-ஆம் பிரிவில் போட்ட மனு, அதாவது மேலே கணக்குப் போட்ட நஷ்டஈட்டு வழக்கு, அத்தோடு முடிந்துவிடும். நம் தையல்காரருக்கு இது நஷ்டம். இடித்த வண்டி எதுவென்றே தெரியவில்லை என்றால் அரசுத் திட்டம் ஒன்று உண்டு: மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000.

வெறும் சிராய்ப்பு, நசுங்கிய பம்பர்? என்னைக் கேட்டால் தீர்ப்பாயம் வேண்டாம். முழு இன்சூரன்ஸ் இருந்தால் உங்கள் கம்பெனியிலேயே கிளெய்ம் செய்யுங்கள். நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போகும், அவ்வளவுதான்.

(திரையில்: காலண்டர்)

கேஸ் போடுவதென்றால் 6 மாதத்துக்குள் போடுங்கள். 2019 திருத்தம் வைத்த கெடு அது. 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. விபத்து சென்னையில் நடந்திருந்தாலும், நீங்கள் திருநெல்வேலிக்காரர் என்றால் அங்கேயே மனு போடலாம்.

அப்புறம், ஏ.ஆர். காப்பி. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது "எப்படி அடிபட்டது?" என்று கேட்டு எழுதுவார்களே, அந்தத் தாள். போலீஸ் தொல்லை வேண்டாமென்று சிலர் "பைக்கிலிருந்து தானா விழுந்துட்டாரு" என்று சொல்லிவிடுகிறார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் எடுத்து நீட்டுவது அந்த வரியைத்தான்.