வாடைக்காத்து அடிக்கிற நாள்ல வீட்டுக்கு ஆள் கூப்பிட்டா என்ன சமைக்கலாம்?

வணக்கம் மக்களே. காத்து சத்தம் கேக்குதா? மைக்குல துணி சுத்தியிருக்கேன், அப்படியும் அடிக்குது. எங்க ராமேஸ்வரம் தீவுல, பாம்பன்ல புயல் கூண்டு ஏத்திட்டாங்க, கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்கலை, படகு பூரா கரையில கிடக்கு. வடகடல் பக்கம் நிக்கவே முடியலை.

இந்த மாதிரி நாள்ல தான் எனக்கு வீட்டுக்கு ஆள் கூப்பிடத் தோணும். கடலுக்குப் போற அண்ணன், கடல்பாசி எடுக்கப் போற மதினி, கருவாடு காயப்போடுற அயித்தை, எல்லாரும் ஒரே நேரத்துல வீட்டுல இருக்குறது இப்பத்தான். தொழில் இல்லாத நாளு, ஆளாளுக்கு ஒரு கவலை இருக்கும். எல்லாரும் ஒண்ணா உக்காந்து சுடச்சுட சாப்பிட்டா அந்தப் பாரம் கொஞ்சம் இறங்கும். அதை நான் நிறைய பாத்திருக்கேன்.

பனி கொட்டுற நாட்டுல இருக்குற நம்ம சொந்தங்க, "இதெல்லாம் ஒரு குளிரா"ன்னு கேக்கலாம். இங்க மார்கழி ராத்திரியில கூட 22, 23 டிகிரிக்குக் கீழ இறங்குறது அபூர்வம் தான். ஆனா நனைஞ்ச சேலையோட இந்த வாடையில நின்னா பல்லு கிடுகிடுங்கும். ஈரத்து மேல காத்து பட்டா, அந்த ஈரம் ஆவியாகுறப்ப உடம்புச் சூட்டையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும். அதனால வர்றவங்க வாசல்ல கால வச்சதும் காஞ்ச துண்டைக் கையில கொடுங்க. தரையில பாய் மட்டும் போட்டா சிலுசிலுன்னு ஏறும், பாய்க்கு மேல ஒரு ஜமுக்காளத்தை விரிச்சிருங்க.

சமையலுக்கு வருவோம். குளிர் நாளுல ஐட்டம் கம்மியா இருக்கணும், இதுல நான் ரொம்ப உறுதியா இருப்பேன். கூட்டு, பொரியல், அவியல்னு அடுக்குனா, கடைசி ஐட்டம் இறங்குறதுக்குள்ள மொத ஐட்டம் ஆறிப்போயிரும். சமைக்கிறவங்களும் அடுப்படியிலயே கிடக்கணும். ஒரு குழம்பு, ஒரு ரசம், சோறு, அப்பளம். போதும், மனசார சாப்பிடலாம்.

மீன் வரத்து இல்லையா, அதனால குழம்பு கருவாட்டுல. இது முன்னாடியே வச்சாலும் கெடாது, நிக்க நிக்கத்தான் ருசி. இன்னைக்கு நெத்திலிக் கருவாடு. தலையைக் கிள்ளிட்டு வெந்நியில கொஞ்ச நேரம் போட்டு வச்சிருக்கேன். இப்ப அலசணும், இங்க பாருங்க. தண்ணியை வடிச்சதும் சட்டி அடியில விரலை வச்சுத் தடவுங்க. நெருநெருன்னு மணல் தட்டுனா இன்னொரு தடவை அலசுங்க. விரலுக்கு ஒண்ணும் தட்டாம வழுவழுன்னு வர்ற வரைக்கும் விடக்கூடாது. வாயில ஒரு மணல் கடிபட்டாலும் சாப்பிடுறவங்களுக்கு முகம் மாறிரும்.

புளிக்குழம்புல கத்தரிக்காயும் மொச்சையும் வெந்ததுக்கு அப்புறமா கருவாட்டைப் போடுங்க. முன்னாடியே போட்டா கரைஞ்சிரும். உப்பு கடைசியில, ருசி பாத்துட்டு. மண்சட்டின்னா ஒரு கொதி முன்னாடியே அடுப்பை அணைச்சிருங்க. சட்டியில இருக்குற சூடே மிச்சத்தைக் கொதிக்க வச்சிரும்.

ரசத்துக்கு நம்ம ராமநாதபுரம் முண்டு மிளகாய். 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சுச்சே, அதே மிளகாய் தான். உருண்டையா, தோல் தடிமனா இருக்கும். காம்பைக் கிள்ளாம நல்லெண்ணெயில போட்டா உப்பி, கருஞ்சிவப்பா மாறும், விதை வெளிய கொட்டிக் கருகாது. மிளகு, சீரகம், பூண்டு மூணையும் உரல்ல ஒண்ணும் பாதியுமாத் தட்டுங்க. மிக்ஸில மாவா அரைச்சா ரசம் கலங்கிரும். புளியையும் தக்காளியையும் கரைச்சு வச்சிட்டுக் காத்திருங்க. எல்லாரும் உக்காந்து சோறு போட ஆரம்பிச்சதும் அடுப்புல ஏத்துங்க. நுரை கட்டினதும் இறக்கிரணும். கொதிக்க விட்டா வாசனை போயிரும்.

இன்னைக்கு வாழை இலை வேண்டாம், சோறு சீக்கிரம் ஆறிரும். எவர்சில்வர் தட்டை வெந்நியில முக்கித் துடைச்சுட்டுப் போடுங்க.

ஒரு முக்கியமான விஷயம், தயவுசெஞ்சு கேளுங்க. குளிருதுன்னு கரி அடுப்பையோ அடுப்புத் தணலையோ ஜன்னல், கதவு மூடுன ரூமுக்குள்ள வைக்காதீங்க. அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்துலயே ஆளைக் கொண்டு போயிரும். பனி பெய்யுற ஊர்ல கரண்ட் போனா நம்ம ஆளுக இதைச் செய்யத் தோணும், செய்யவே செய்யாதீங்க.

சாப்பிட்டதும் யாரும் எந்திரிக்க மாட்டாங்க. அப்பத்தா 1964 டிசம்பர் புயலை எடுப்பாக. தனுஷ்கோடி அழிஞ்சு போன அந்த ராத்திரி, ரயிலோட கடல்ல போன சனம், எல்லாம் வரும். வாடை இப்படி ஊளையிடுறப்ப எங்க தீவுல அந்தப் பேச்சு வராத வீடு இருக்காது. அவசரப்படுத்தாதீங்க, பேச விடுங்க. கையில அவிச்ச பனங்கிழங்கு கொடுங்க, இப்பத்தான் சீசன். மஞ்சளும் உப்பும் போட்டு அவிச்சு, நாரை உரிச்சுத் தின்னுக்கிட்டே பேசலாம். கூடவே கருப்பட்டி போட்ட சுக்குக் காபி. சுக்கைத் தட்டித்தான் போடணும், கொஞ்சம் மல்லியும் சேத்துக்கங்க.

குழம்பு மட்டும் கணக்கு பாக்காமக் கூடுதலா வைங்க. கிளம்புறப்ப ஆளுக்கொரு தூக்குவாளியில ஊத்திக் கொடுங்க. கூண்டு இறக்குற வரைக்கும் யாரும் கடலுக்குப் போக முடியாது, நாளைக்குக் காலையில இட்லிக்கு அவங்களுக்கு அது ஆகும்.