தடை பெற்றெடுத்த உத்தமிகள்: எடோ நகரத்து மரக்கட்டை அச்சுப்படங்கள்

[திரையில்: கிணற்றடியில் நிற்கும் ஒரு பெண். படத்தின் மேல்பகுதியில் நெருக்கமான ஜப்பானிய எழுத்து.]

இவங்க ககா மாகாணத்துச் சியோ. 1703ல பிறந்த ஹைக்கூ கவிஞர். காலையில தண்ணி இறைக்கப் போனா, கிணத்து வாளியைச் சுத்தி ஒரு பூங்கொடி படர்ந்து பூத்திருக்கு. அறுத்து எறிய மனசு வரல. பக்கத்து வீட்டுல தண்ணி கேட்டு வாங்கிக்கிட்டாங்க. அவங்களோட ரொம்பப் பிரபலமான கவிதை சொல்ற சேதி இதுதான்.

வரைஞ்சவர் உதாகவா குனியோஷி. எடோக்காரர், அதாவது இன்னைய டோக்கியோ. பட்டுக்குச் சாயம் போடுறவரோட பிள்ளை. படம் வந்த வரிசையோட பேரு 'கென்ஜோ ரெப்பு தென்': அறிவுள்ள பெண்கள், உறுதி குலையாத மனைவிகள், இவங்களோட கதைகள். 1840களோட தொடக்கத்துல அச்சானது. அந்தச் சில வருஷத்துல இப்படி உத்தமப் பெண்களோட படங்கள் கடைகள்ல வரிசை வரிசையா வந்ததுக்கு ஒரு அரசாங்க உத்தரவு காரணம்.

[திரையில்: எடோ நகரத்துப் படக்கடை.]

1830கள்ல ஜப்பானைப் பெரும் பஞ்சம் உலுக்கியெடுத்தது. 1841ல, நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனோட மூத்த அமைச்சர் மிசுனோ ததகுனி சீர்திருத்தம்னு இறங்கினார். சிக்கனம், ஒழுக்கம், ரெண்டையும் சட்டம் போட்டு வரவழைக்கப் பார்த்தார். 1842ல கபுகிங்கிற நாடக மேடையோட பெரிய நட்சத்திரம் ஏழாம் இச்சிகாவா தஞ்சூரோ, ஆடம்பரமா வாழ்ந்தார்னு எடோவை விட்டே வெளியேத்தப்பட்டார். காதல் கதைகள் எழுதின தமெனாகா ஷுன்சுயிக்குக் கைவிலங்கு மாட்டினாங்க. அதே வருஷம் படம் போடுறவங்களுக்கும் உத்தரவு வந்தது. நடிகர்கள், கணிகையர், ஆடிப் பாடி விருந்தினரை மகிழ்விக்கிற கெய்ஷாக்கள், யாரோட படமும் கூடாது.

இந்தத் தொழிலே அந்தப் படங்களை நம்பித்தான் ஓடிக்கிட்டு இருந்தது. இனிமே என்ன போடலாம்னா விசுவாசம், பெத்தவங்க மேல பக்தி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நல்லொழுக்கம். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி அச்சுக்கட்டை வேணும், அந்தக் கட்டைகளோட எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு. ஒரு தாள் 16 மோனுக்கு மேல விக்கக்கூடாது. மோன்ங்கிறது அன்னைய சில்லறைக் காசு. அன்னைக்கு எடோ தெருவுல ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் விலையும் அதுதான்.

பதிப்பாளர்கள் உத்தரவுக்கு அப்படியே கட்டுப்பட்டாங்க, ஆனா அதுக்குள்ளயே ஒரு வழியும் கண்டுபிடிச்சாங்க. சீனாவுல கி.மு. முதல் நூற்றாண்டுல லியு ஷியாங் தொகுத்த உத்தமப் பெண்களோட வரலாறுகள் ஜப்பான்ல பல காலமாவே மதிப்போட வாசிக்கப்பட்ட நூல். அந்த மரபுல ஒரு படவரிசை போட்டா எந்த அதிகாரி மறுக்க முடியும்?

[திரையில்: ஒரு படத்தின் தலையலங்காரமும் கிமோனோவும் நெருக்கத்தில்.]

கதை 12ஆம் நூற்றாண்டா இருக்கும். ஆனா பல படங்கள்ல முகம், கொண்டை, கிமோனோ மடிப்பு எல்லாம் 1840கள்ல எடோ தெருவுல நடந்த பெண்களோடது. அழகிகள் படம் கூடாதுன்னு சொன்ன இடத்துல, உத்தமிங்கிற பேர்ல அழகிகள் திரும்பி வந்துட்டாங்க. நிறைய பேர் இதோட நிறுத்திக்குவாங்க, வெறும் மாறுவேஷம்னு. எனக்கு அது போதாதுன்னு தோணுது. யாரையெல்லாம் உத்தமின்னு தேர்ந்தெடுத்தாங்கங்கிறதுலதான் விஷயமே இருக்கு.

எதிர்பார்க்கிற ஆட்கள் உண்டு. தோகிவா கோசென், 12ஆம் நூற்றாண்டு ஹெய்ஜி கலகத்துல புருஷன் மினாமோதோ யோஷிதோமோ தோத்து இறந்ததும், மூணு ஆண் பிள்ளைகளோட பனியில தப்பி ஓடினவங்க. கைக்குழந்தையா இருந்த கடைசிப் பிள்ளைதான் யோஷிட்சுனே. பின்னாடி 1185ல தான்னோஉரா கடல்போர்ல, அப்பாவைத் தோக்கடிச்ச தைரா குலத்தை அழிச்சவர்.

கெசா கோசெனோட கதை என்னை ரொம்ப நேரம் தொந்தரவு பண்ணுற கதை. எந்தோ மொரிதோங்கிற வீரன் அவங்க மேல ஆசைப்பட்டு மிரட்டுறான். அவங்க ஒத்துக்கிட்ட மாதிரி காட்டி, "ராத்திரி வா, தலைமுடி ஈரமா இருக்கிறவர்தான் என் கணவர், அவரைக் கொன்னுடு"ன்னு சொல்லி அனுப்புறாங்க. அன்னைக்கு ராத்திரி தன்னோட முடியை நனைச்சுக்கிட்டு, கணவரோட இடத்துல தானே படுத்துக்கிறாங்க. வெட்டின தலையை நிலா வெளிச்சத்துல பார்த்த அவன் துறவியாப் போயிடுறான். மொங்காகுன்னு வரலாறு சொல்றது அவனைத்தான். இதைக் கற்புன்னு கொண்டாடினாங்க. எனக்குத் தெரியறது, வேற எந்தக் கதவும் திறக்காத ஒரு பெண்ணோட புத்தியும் துணிச்சலும்.

[திரையில்: ஓமி மாகாணத்து வயல்கள். வாய்க்கால்.]

இப்போ ஓயிகோ. இவங்களுக்காகத்தான் இந்த வீடியோவே. ஓமி மாகாணம், தகாஷிமா. 1254ல தொகுத்த 'கோகோன் சோமோன்ஜூ'ங்கிற கதைத்திரட்டு இவங்களைப் பத்திச் சொல்லுது. ஊர்க்காரங்க வாய்க்காலை மறிச்சு இவங்க வயலுக்கு மட்டும் தண்ணி வரவிடாம பண்ணினாங்க. இவங்க யார்கிட்டயும் போய் அழல. ராத்திரியோட ராத்திரியா ஆள் உயரத்துக்கும் பெரிய ஒரு பாறையைத் தூக்கிட்டு வந்து மடைவாய்ல போட்டாங்க. தண்ணி முழுக்க இவங்க வயலுக்குத் திரும்பிடுச்சு. விடிஞ்சதும் ஊரே திரண்டு வந்தும் கல்லை அசைக்க முடியல. கடைசியில மன்னிப்புக் கேட்டு, இனிமே தண்ணியைத் தடுக்க மாட்டோம்னு சொன்ன பிறகுதான் கல்லை எடுத்துக் கொடுத்தாங்க.

இவங்களைப் பத்தி இன்னொரு கதை. மல்யுத்தத்துக்காகத் தலைநகரத்துக்குப் போற ஒரு வீரன், வழியில தண்ணி தூக்கிட்டுப் போற ஓயிகோவோட அக்குள்ல விளையாட்டாக் கையை நுழைக்கிறான். இவங்க சிரிச்சுக்கிட்டே கையை இடுக்கிக்கிட்டாங்க. அவனால எடுக்க முடியல. அப்படியே வீட்டுக்கு இழுத்துட்டுப் போய், "இந்த பலத்தை வச்சுக்கிட்டா போட்டிக்குப் போற?"ன்னு கேட்டு, 21 நாள் அழுத்தமான சோத்துருண்டை பிடிச்சுக் கொடுத்து அவனைத் தயார் பண்ணி அனுப்பினாங்க.

அரசாங்கம் கேட்டது அடக்கமான பெண்ணை. குனியோஷி அதே 'கென்ஜோ ரெப்பு தென்' வரிசையில சியோ பக்கத்துல ஓயிகோவையும் நிறுத்தினார். பலமான பெண்கள் மேல அவருக்கு முன்னாடியே ஈர்ப்பு உண்டு. 1831 வாக்குலயே, வெறிபிடிச்சு ஓடின குதிரையோட கயித்தை மிதிச்சே நிறுத்தின ஓமி மாகாணத்து ஒகானேயை, ஐரோப்பியப் பாணியில நிழல் போட்டு வரைஞ்சிருக்கார்.

[திரையில்: செர்ரி மரக்கட்டை, உளி, மூங்கில் மட்டை சுற்றிய பரேன் (தாளைத் தேய்த்து அச்சு எடுக்கும் கருவி).]

ஓவியர் வரைஞ்ச மெல்லிய தாளைக் கட்டையில கவிழ்த்து ஒட்டிச் செதுக்குறது ஒருத்தர், வண்ணத்துக்கு ஒரு கட்டையா மாத்தி மாத்தி அச்சு எடுக்கிறது இன்னொருத்தர். முடியோட ஒவ்வொரு இழையும், மேல இருக்கிற ஒவ்வொரு எழுத்தும் கண்ணாடியில தெரியற மாதிரி இடவலம் மாறி உளியால வந்தது. கவனிச்சுப் பாருங்க.

மிசுனோ 1843லயே பதவி இழந்தார். கெடுபிடி கொஞ்சம் கொஞ்சமாத் தளர்ந்தது. நடிகர் படங்கள் திரும்பி வந்த பிறகும் இந்தப் பெண்கள் போகல. அதே காலத்து இன்னொரு ஓவியர் குனிசதா 1859லிருந்து 'கோகோன் மெய்ஃபு தென்'னு, அதாவது அன்றும் இன்றும் புகழ்பெற்ற பெண்களோட கதைகள்னு, தனியா ஒரு பெரிய வரிசையே வரைஞ்சார்.

அருங்காட்சியகத் தளங்கள்ல இந்தப் படங்களைத் தேடினா, ஓரத்துல சின்ன தணிக்கை முத்திரை இருக்கான்னு பாருங்க. அன்னைக்குப் படங்களைப் பார்த்து அனுமதி கொடுத்தவங்க எடோவோட பேட்டைத் தலைவர்கள். பேட்டைத் தலைவர் ஒருத்தரோட பேர் மட்டும் இருந்தா, பெரும்பாலும் 1843க்கும் 1847க்கும் நடுவுல தணிக்கை ஆனது. ரெண்டு பேர் இருந்தா அதுக்கு அடுத்த சில வருஷம்.