எம்.எஸ்சி வேற, லைசென்ஸ் வேற மக்கா! | காலேஜ் சீல் ஒருவழியா கிடைச்சிட்டு

வணக்கம் மக்கா. இன்னைக்கு கையில டீ கிளாஸ் இல்ல பாத்தீங்களா, அதுலயே தெரிஞ்சிருக்கும் நான் எவ்ளோ சூடா இருக்கேன்னு. போன வாரம் நம்ம ஊர்ல ஒரு ஓட்டல் ஹால்ல வெளிநாட்டு படிப்பு செமினார் போட்டிருந்தாங்க, சும்மா எட்டிப் பாப்போம்னு போனேன். மேடையில ஒரு அண்ணாச்சி சொல்லுதாரு, "பிபிடி, அதாவது நம்ம ஊர் பிசியோதெரபி டிகிரி, முடிச்சவங்க யூகேல ஒரு வருஷம் எம்.எஸ்சி பண்ணுனா போதும், அப்புறம் நீங்க அங்க பிசியோதெரபிஸ்ட்"னு. ஹாலே கை தட்டுது. எனக்கு வந்த கோவம் இருக்கே!

மக்கா, நல்லா கேட்டுக்கோங்க. அங்க பிசியோதெரபிஸ்ட்னு பேருக்கு முன்னாடி போட்டுக்கணும்னா ஹெச்.சி.பி.சி.ல, அதாவது பிசியோ மாதிரி வேலைக்காரங்கள பதிவு பண்ற அந்த ஊர் அமைப்புல, பதிவு பண்ணியிருக்கணும். பதிவு இல்லாம போட்டுக்கிட்டா சட்டப்படி குத்தம். இந்த ஒரு வருஷ எம்.எஸ்சி, ஏற்கனவே பிசியோவா இருக்குறவங்க மேல படிக்குறதுக்கு. நல்ல படிப்புதான், குறை சொல்லல. ஆனா அத முடிச்சதும் பதிவு தானா வராது. பதிவுக்குன்னே 'ப்ரீ ரெஜிஸ்ட்ரேஷன்'னு 2 வருஷ எம்.எஸ்சி இருக்கு, அது வேற டிகிரி படிச்சிட்டு பிசியோ ஆகணும்னு வாரவங்களுக்கு, நம்மள மாதிரி பிபிடி முடிச்ச ஆளுங்கள நிறைய யுனிவர்சிட்டில எடுக்கவே மாட்டாங்க. அப்போ நமக்கு வழி? நம்ம பிபிடிய வெச்சே ஹெச்.சி.பி.சி.க்கு நேரா அப்ளை பண்றது. எம்.எஸ்சி படிச்சாலும் சரி, படிக்காட்டியும் சரி, அந்த அப்ளிகேஷன் தனி. அவங்க தரத்துக்கு ஏதாவது குறைஞ்சா, உடனே பதிவு குடுத்திட மாட்டாங்க.

இத தெரியாம லட்சம் லட்சமா கட்டி போயி, அங்க அசிஸ்டென்ட் வேலையில நிக்குறவங்க இருக்காங்க. இங்க நம்ம கிளினிக்ல பீடி சுத்துற அக்காமாரு கழுத்து வலி, தோள்பட்டை வலின்னு தினம் வாராங்க, அவங்கள பாத்து பாத்து கை பழகுன பிள்ளைய, அங்க போயி தானா முடிவெடுக்க முடியாம நிக்க வெச்சா எப்படி இருக்கும், சொல்லுங்க.

சரி சவத்த விடுங்க, சந்தோஷமான விஷயத்துக்கு வாரேன். சீல் கிடைச்சிட்டு!! ரொம்ப நாளா இதப் பத்தியே புலம்பிக்கிட்டு கிடந்தேன்ல. ஹெச்.சி.பி.சி. அப்ளிகேஷனுக்கு பாடத்திட்டம், எந்த போஸ்டிங்ல (ஆஸ்பத்திரி பயிற்சி) எத்தனை மணி நேரம், ஆர்த்தோ (எலும்பு), நியூரோ (நரம்பு), கார்டியோ (இதயம்) எல்லாம் பிரிச்சு காலேஜ் எழுதி சீல் போட்டுத் தரணும். யூகேல பிசியோ படிக்குற பிள்ளைங்களுக்கு கிளினிக்கல் மட்டும் 1000 மணி நேரம் கணக்கு, நமக்கு இன்டர்ன்ஷிப்பே 6 மாசம் இருக்குல்லா, அதனால மணி நேரம் இருக்கும், ஆனா அது பேப்பர்ல வரணும்லா! ஆபீஸ்ல ஒரு சாரு குத்துனாரு பாருங்க ஒரு சீலு, மை காஞ்சு போயி பாதி வட்டம் மட்டும் வெளுப்பா விழுந்திருக்கு. இத ஸ்கேன் பண்ணி அனுப்புனா என்ன நெனைப்பாங்க? நான் நகரவே இல்லையே. கடைசில அந்த ஆபீஸ் அக்கா மேசைக்கு அடியில இருந்து புது ஸ்டாம்ப் பேட் எடுத்து, டப்பு டப்புன்னு எல்லா பக்கத்துலயும் வயலட் கலர்ல, இந்தா பாருங்க, கேமரால தெரியுதா? எவ்ளோ தெளிவு! ஃப்ரேம் போட்டு மாட்டலாம்.

ஆங், பிரிண்ட் எடுத்த கதைய விட்டுட்டேன். ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில பக்கத்துக்கு 5 ரூவா கேட்டான், பிளாக் அண்ட் ஒயிட்டுக்கு! தெரு தள்ளி அடுத்த கடையில 1 ரூவா 50 காசு. சிலபஸ் எவ்ளோ தடி புக்குன்னு உங்களுக்கே தெரியும், அந்த மிச்சத்துல அம்மாக்கு ஒரு கிலோ மாம்பழம் வாங்கிட்டு போனேன்.

அப்புறம் ஐ.இ.எல்.டி.எஸ்., அந்த இங்கிலீஷ் பரீட்சை. முன்னாடி போட்ட ஸ்பீக்கிங் வீடியோல ஸ்கோர் மட்டும் காட்டிட்டு இத சொல்ல விட்டுப்போச்சு. யுனிவர்சிட்டிக்கு 6.5 போதும்னு பலபேரு நிறுத்திடுதாங்க. ஹெச்.சி.பி.சி.க்கு மொத்தமா 7, எதுலயும் 6.5க்கு கீழ போகக்கூடாது. ஒரே தடவையில 7 எடுத்துட்டா ரெண்டுக்கும் ஆச்சு.

படிச்சு முடிச்சு அங்க தங்குற விசாவும் குறையுது. இப்போ மாஸ்டர்ஸுக்கு 2 வருஷம், 2027 ஜனவரி 1ல இருந்து அப்ளை பண்றவங்களுக்கு 18 மாசம்தான். அதுக்குள்ள பதிவும் வாங்கி வேலையும் தேடணும்னா, பதிவு அப்ளிகேஷன இங்க இருந்தே போட்டுட்டு ஏறுறதுதான் புத்தி. நான் அப்படித்தான் பண்ணுதேன்.

ஆஸ்திரேலியா கேட்டவங்களுக்கு: அங்க பிசியோதெரபி கவுன்சில் எழுத்துப் பரீட்சை, அப்புறம் மஸ்குலோஸ்கெலிட்டல் (தசை, எலும்பு), நியூரோ, கார்டியோரெஸ்பிரேட்டரி (இதயம், மூச்சு)ன்னு மூணுலயும் கிளினிக்கல் பரீட்சை வெப்பாங்க. தனி வீடியோ போடுதேன்.

அந்த செமினார்ல ஒரிஜினல் சர்டிபிகேட்ட குடுத்துட்டு வந்தவங்க யாராவது இத பாத்தா, நாளைக்கே போயி வாங்கிருங்க. கேட்ட பேப்பருக்கு ஜெராக்ஸ் குடுங்க, போதும். சரி, அம்மா கூப்புடுதாங்க, வாரேன்.